குளத்து மீனும் குப்பி மருந்தும்

பெரம்பலூரையும் அரியலூரையும் கடல் காணாத மாவட்டங்கள் என்பர். 1995-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியினின்று பெரம்பலூர் பிரிந்தது. 2007-ஆம் ஆண்டில் அரியலூர் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. இரண்டற்கும் கடற்கரை இல்லை. ஆயினும், அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளை அகழ்வோர் கையில் பழங்கடல் வாழ் உயிர்களின் எலும்பும் ஓடும் இன்றும் அகப்படுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே அலைகடல் கிடந்ததென்பது நிலநூலார் கண்ட உண்மை. அக்கடல் அகன்றது, மழையை நம்பிய மேட்டுநிலம் எஞ்சியது. அந்நிலத்தில் நீரைத் தேக்கி வாழக் கற்றனர் நம் முன்னோர். முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தருகே வெட்டுவித்த சோழகங்கம் இன்று பொன்னேரி என்னும் பெயரோடு விளங்குகின்றது. கரைவெட்டி, சுக்கிரன் ஏரி, சித்தமல்லி என நீர்நிலைகளின் வரிசை நீளும். பெரம்பலூர்ப் பக்கத்தில் விசுவக்குடி அணையும், சிற்றூர் ஏரிகளும், வயலோரங்களில் அண்மைக் காலத்தில் தோண்டப்பெற்ற பண்ணைக் குட்டைகளும் உள்ளன.

இந்நீர் நெல்லுக்கும் சோளத்துக்கும் மட்டும் உரியதன்று. வடகிழக்குப் பருவமழையால் நிரம்பி வேனிலில் வற்றும் இடைக்காலத்திலே அது இரண்டாவது விளைவொன்றையும் தருகின்றது. கட்லா, ரோகு, மிர்கால் என்னும் கெண்டை இனங்களையும், ஜிலேபி என்று நம் மக்கள் அழைக்கும் திலாப்பியாவையும் விட்டு வளர்த்து, நீர் வற்றுமுன் பிடித்து விற்பர். ஏரியின் மீன் பாசியைக் குத்தகைக்கு எடுத்தவர்க்கும், கால் ஏக்கர்க் குட்டையில் மீன் விட்ட உழவர்க்கும் ஆண்டில் இஃது ஒரே வாய்ப்பு. குஞ்சின் விலையும், தீவனத்தின் விலையும், குத்தகைத் தொகையும் முன்னரே கையைவிட்டுப் போய்விடும்; வருவாயோ இறுதி நாளிலேதான் வரும். இடையில் ஒரு நோய் புகுந்து மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதக்குமாயின், மறுபடியும் குஞ்சு விடுவதற்கு நீரும் இராது, பணமும் இராது. இவ்வச்சமே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அடிப்படை.

அச்சம் உள்ள இடத்தில் வாணிகம் தழைக்கும். மீன் தீவனத்தோடு கலந்து ஊட்டினால் நோயெதிர்ப்பு வலிமை பெருகும் என்று கூறப்படும் தூளும் நீர்மமும் குப்பிகளிலும் பைகளிலும் அடைக்கப்பெற்று விற்பனைக்கு வருகின்றன. அவற்றுட் சில மெய்யான பயனுடையவை, சில பயனற்றவை, வேறு சில தம் தகுதிக்கு மேற்பட்ட புகழைத் தாமே தம்மேல் எழுதிக்கொண்டு வருபவை. இவற்றை எல்லாம் ஒருங்கே ஏற்பாரும் உளர். ஒருங்கே பழிப்பாரும் உளர். எம் கருத்து இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. நோய் வருமுன் அளவறிந்து கொடுக்கும் ஊட்டப்பொருள் மீனுக்கு நல்ல காவல்; வைரஸ் நோய் வந்தபின் மருந்தென்று சொல்லி விற்கப்படும் அதே பொருள் உழவனின் மடிக்கு விரிக்கும் வலை. இவ்வேறுபாட்டைக் குட்டையின் கரைவரை கொண்டு சேர்ப்பது கற்றவர் கடமை என்பதே யாம் வலியுறுத்த விரும்புவது.

முதற்கண் பகை இன்னதென்று அறிதல் வேண்டும். வைரஸ் என்பது தானே உண்டு வளரும் உயிரன்று. மற்றோர் உயிரின் அணுவினுள் நுழைந்து, அவ்வணுவையே தன் தொழிற்கூடமாக்கித் தன்னைப் பன்மடங்காகப் பெருக்கிக்கொள்வது. ஆதலின் பாக்டீரியாவைக் கொல்லும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அதனை ஒன்றும் செய்யா. அவற்றைக் குளத்தில் கொட்டுவது பகைவன் இல்லாத திசையில் அம்பெய்வதை ஒக்கும். அதனினும் கேடு, அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகுதற்கும் அது வழிசெய்யும். மீனின் உடலோ தானே ஒரு கோட்டை. அதன் மேனியிலுள்ள வழுவழுப்பான சளிப்படலம் முதல் மதில். செதிலும் தோலும் இரண்டாம் மதில். அவற்றைக் கடந்து உட்புகும் கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் உள்ளே காத்து நிற்கின்றன. வைரஸ் புகுந்த அணு தன் அண்டை அணுக்களுக்கு எச்சரிக்கை விடுக்கும் இன்டர்ஃபெரான் என்னும் பொருளையும் மீன் உடல் சுரக்கின்றது. ஒரு நோயை நினைவிற்கொண்டு எதிர்க்கும் பிறபொருளெதிரிகளும் மீனுக்கு உண்டு. ஆனால் குளிர்ந்த குருதியுடைய உயிராதலின், அவை உருவாகும் விரைவு நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. எனவே முதல் நாட்களில் மீனைக் காப்பவை பிறவியிலேயே அமைந்த மதில்களே. ஊட்டப்பொருள்கள் பெரும்பாலும் வலுவூட்ட முயல்வதும் இம்மதில்களையே.

இனி, நம் குட்டைகளை நோக்கி வரக்கூடிய வைரஸ் ஒன்றின் வரலாற்றைக் காண்போம். பேதுருவும் அந்திரேயாவும் வலை வீசிய கலிலேயாக் கடலை நம் கல்லூரியில் அறியாதார் இலர். பெயரளவில் கடலாயினும் அது நன்னீர் ஏரி. கின்னரேத்து என்பது அதன் மற்றொரு பெயர். அவ்வேரியில் அகப்படும் திலாப்பியாவை இன்றும் பேதுருவின் மீன் என்றே விற்பர். அம்மீனின் ஓரினம் 2005-ஆம் ஆண்டில் அங்கு 316 டன் பிடிபட்டது. 2009-இல் 8 டன்னே பிடிபட்டது. அவ்வாண்டு முதல் இஸ்ரவேலின் வளர்ப்புக் குளங்களிலும் திலாப்பியாக்கள் திரளாக மடிந்தன. 2014-ஆம் ஆண்டில் அறிஞர்கள் ஒரு புதிய வைரஸைக் கண்டறிந்து, திலாப்பியா ஏரி வைரஸ் என்று பெயரிட்டனர். பின்னர் எக்வடோர், கொலம்பியா, எகிப்து, தாய்லாந்து முதலிய நாடுகளிலும் அது காணப்பட்டது. நோய் கடுமையாகத் தாக்கிய இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் வரை இறந்ததுண்டு. இந்தியாவில் மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் வளர்ப்புத் திலாப்பியா இறந்தமைக்கு இவ்வைரஸே தொடர்புடையது என்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. இது மனிதரைத் தாக்கியதாக எங்கும் அறியப்படவில்லை. ஆதலின் மீன் உண்பார் அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்ச வேண்டியவர் மீன் வளர்ப்பவரே.

கேரளம் நமக்கு அயல்நாடன்று; மீன் குஞ்சுகள் ஒரே இரவில் எல்லைகளைக் கடக்கும் காலம் இது. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்த பழைய திலாப்பியாவினும் விரைந்து வளரும் மரபு மேம்பாட்டுத் திலாப்பியா, பண்ணைக் குட்டைக்கு ஏற்றது என்று தமிழ்நாட்டில் ஊக்கம் பெற்றுள்ளது. நெருக்கமாக விடப்படும் ஓரின மீனில் வைரஸ் பரவுதல் எளிது. கட்லாவும் ரோகும் வாழும் ஏரிகளின் நிலை வேறு. அவற்றைப் பெரிதும் வருத்துவன மேனியைக் கடிக்கும் மீன் பேனும், ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும், 1988-இல் இந்தியாவிற்குள் புகுந்து விராலையும் கெண்டையையும் புண்ணாக்கி அழித்த தொற்றுப்புண் நோயுமே ஆம். அப்புண் நோயை முதலில் வைரஸால் வந்ததென ஐயுற்றனர். பூஞ்சை போன்ற ஒரு நீர்வாழ் உயிரே அதற்குக் காரணமென்று பின்னரே தெளிந்தனர். இதனால் பெறப்படுவது யாது? நோயின் பெயரை அறியாமல் மருந்தின் பெயரைக் கேட்பது வீண் என்பதே. கெண்டை ஏரிக்காரனிடம் வைரஸ் என்று அச்சுறுத்தி ஒரு குப்பியை விற்பவன், பேன் கடிக்கும் தலைக்குக் காய்ச்சல் மருந்து தருபவனை ஒப்பான்.

நிற்க. ஊட்டப்பொருள்களால் மெய்யாகவே ஆவது யாது என்பதை நடுவுநிலையோடு ஆராய்வோம். மீன்களுட் பெரும்பாலானவை, மனிதரைப் போலவே, சி உயிர்ச்சத்தைத் தம் உடலில் ஆக்கிக்கொள்ளும் திறனற்றவை. தீவனத்தில் அது குறையுமாயின் முதுகெலும்பு வளையும், புண் ஆறத் தாமதமாகும், நோயெதிர்ப்பு தளரும். தீவனம் அரைத்துச் சூடாக்கி உருட்டப்படும்பொழுதும், மாதக்கணக்கில் கிடங்கிற் கிடக்கும்பொழுதும் இச்சத்து அழிந்துபோகும். ஆகவே அழியாத வடிவிலுள்ள சி உயிர்ச்சத்தைச் சேர்ப்பது ஆடம்பரமன்று, குறையை நிரப்புவதாகும். ஈ உயிர்ச்சத்தும், செலினியம், துத்தநாகம் ஆகிய தாதுக்களும் இத்தகையனவே. அடுத்தது ஈஸ்ட் என்னும் நொதியின் மேலுறையினின்று எடுக்கப்படும் பீட்டா குளுக்கான். நொதியின் உறையைக் கண்ட வெள்ளணுக்கள் பகைவன் வந்தான் என்று மயங்கி விழித்தெழுகின்றன. மெய்ப்பகைவன் வரும்பொழுது ஆயத்தமாக நிற்கின்றன. மூன்றாவது, குடலில் நன்மை செய்யும் பாசில்லஸ் முதலிய நுண்ணுயிர்கள். இவை தீய நுண்ணுயிர்களுக்கு இடங்கொடாமல் குடலைக் காப்பதோடு உடலின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகின்றன.

இம்மூன்றாவதனைத் திலாப்பியா ஏரி வைரஸுக்கு எதிராகவே தாய்லாந்து அறிஞர்கள் சோதித்தனர். பாசில்லஸ் கலந்த தீவனத்தைச் சில நாட்கள் உண்ட மீன்களுக்கும், வெறுந்தீவனம் உண்ட மீன்களுக்கும் ஒரே வைரஸைச் செலுத்திப் பார்த்தனர். 2020-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, முன்னையவற்றில் இறப்புக் குறைந்தது. உடலில் வைரஸின் அளவும் குறைந்தது. ஆயினும் இறப்பு அடியோடு நின்றுவிடவில்லை. அவ்வாய்விலிருந்து கொள்ளத்தக்கது இரண்டு. ஊட்டப்பொருள் முன்னரே கொடுக்கப்பட்டது என்பது ஒன்று. அது குறைத்ததே அன்றி ஒழிக்கவில்லை என்பது மற்றொன்று. குப்பியின்மேல் எழுதுவோர் முதலாவதை மறைத்துவிடுவர், இரண்டாவதை மாற்றிவிடுவர். அறிவியல் கூறியது குறைக்கும் என்பது. விளம்பரம் கூறுவது அழிக்கும் என்பது. இவ்விரு சொற்களுக்கும் இடையிலேதான் உழவனின் பணம் காணாமற்போகின்றது.

இவ்வைரஸைப் பொறுத்தமட்டில் காலம் என்பது மிக இன்றியமையாதது. தாய்லாந்தில் இந்நோய்க்கு ஒரு மாத நோய் என்னும் வழக்கும் உண்டு. குஞ்சுகளைக் குளத்தில் விட்ட முதல் மாதத்திற்குள்ளேயே அவை மடிவதால் அப்பெயர் பெற்றது. தாய் மீனின் உடலிலும் கருவுற்ற முட்டையிலும் இவ்வைரஸ் காணப்பட்டுள்ளது. எனவே ஊட்டப்பொருள் கொடுக்க உரிய இடம் குஞ்சு பொரிப்பகமும் நாற்றங்காலும் ஆகும். உரிய வேளை குஞ்சு குட்டைக்கு வருவதற்கு முந்திய வாரங்கள் ஆகும். மீன் மிதக்கத் தொடங்கிய காலையில் கடைக்கு ஓடுபவன் கதவு உடைந்தபின் தாழ்ப்பாள் வாங்குகின்றான். அன்றியும், நோயுற்ற மீன் தீவனத்தையே தொடாது; தீவனத்திற் கலந்த மருந்து அதன் வாய்க்குப் போவதெங்ஙனம்? குப்பியைத் திறந்து நீரில் நேரே ஊற்றுவாரும் உளர். அது மீனைச் சேருமுன் நீரிற் கரைந்துபோகும். மேலும், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பொருளை இடைவிடாமல் கொடுத்தால் ஆற்றல் வளர்வதற்கு மாறாகத் தளர்வதும் உண்டு. நாள்தோறும் போர்முரசு அறைந்தால் வீரன் களைத்துத் துயில்வான் அன்றோ? ஆகவே சில வாரங்கள் கொடுத்துச் சில வாரங்கள் நிறுத்துதல் வேண்டும்.

பூண்டு, மஞ்சள், வேம்பு முதலியவற்றை நம் வீட்டுப் பொருள்கள் என்று போற்றி, அவையே போதுமென்பாரும் உண்டு. தமிழ் மருத்துவத்தில் எமக்கும் பற்றுண்டு. எனினும் பற்று வேறு, சான்று வேறு. இம்மூலிகைகளை மீனுக்குக் கொடுத்துச் செய்த சோதனைகள் பெரும்பாலும் பாக்டீரியாவுக்கு எதிரானவை. அவற்றின் முடிவை வைரஸின்மேல் ஏற்றிக் கூறுதல் முறையன்று. ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் தூய நீரிலிருந்த மீன் பெற்ற பயனை, விடியற்காலையில் உயிர்வளி குன்றி வாயை மேலே தூக்கி மூச்சுவாங்கும் குட்டை மீனும் பெறும் என்று எண்ணுதலும் முறையன்று.

இனி யாம் கூறப்போவது நம் இரு மாவட்டங்களுக்குச் சிறப்பாக உரியது. சேர்ப்பதைப் பற்றிப் பேசுமுன் நீக்குவதைப் பற்றிப் பேசுதல் வேண்டும். ஏரி மீனுக்கு நம்மவர் இடும் தீவனம் கடலைப் பிண்ணாக்கும் தவிடும். அரியலூரில் நிலக்கடலையும், பெரம்பலூரில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. ஆதலின் தீவனத்திற்குரிய பொருள் அண்மையிலேயே உண்டு. ஆனால் ஈரம்பட்டுப் புழுத்த பிண்ணாக்கிலும் சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை, அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பல்லாயிரம் வான்கோழிகள் இறந்தன. ஆராய்ந்தபோது, அவற்றிற்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமெனத் தெரிந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் வளர்ப்பு மீன்களுக்கு ஈரல் புற்று கண்டது. அவை தின்ற பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் இந்நஞ்சு இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. இந்நஞ்சு ஈரலைக் கெடுப்பதோடு நோயெதிர்ப்பையும் தளர்த்தும். மழைக்காலத்தில் மண்தரையில் அடுக்கி வைத்த மூட்டையில் இந்நஞ்சை வளரவிட்டு, அதன்மேல் விலையுயர்ந்த ஊட்டப்பொருளைத் தெளித்தல் ஓட்டைக் குடத்திற்குப் பொன்மூடி இடுதலாகும். மூட்டையைத் தரையினின்று உயர்த்திப் பலகைமேல் வைத்தலும், நன்கு உலர்ந்த பொருளையே வாங்குதலும், பூசணம் பூத்ததை இரக்கமின்றி ஒதுக்குதலுமே முதல் ஊட்டம். இதற்குக் குப்பி வேண்டுவதில்லை.

பிண்ணாக்கிற்கு அடுத்தது குஞ்சு. 1957-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் ஊசியின் உதவியால் கெண்டை மீன்களை இனப்பெருக்கம் செய்வித்தனர். ஆற்றிற் குஞ்சு தேடும் துன்பம் அன்று ஒழிந்தது. அந்நாளையே இந்தியா தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகின்றது. அப்பெரும் நன்மையோடு ஒரு பொறுப்பும் வந்தது. வேண்டியபோது வேண்டிய ஊரிலிருந்து குஞ்சு வருமாயின், வேண்டாத நோயும் அதே வண்டியில் ஏறி வரும். இதற்கு நம் கடற்கரையே சான்று. 1994-ஆம் ஆண்டளவில் கிழக்குக் கரையின் இறால் பண்ணைகளை வெள்ளைப்புள்ளி வைரஸ் வாட்டியது; கடன்பட்டுக் குளம் வெட்டியோர் பலர் தொழிலையே விட்டனர். இறாலை மீட்டது குப்பி அன்று. 2009-ஆம் ஆண்டில் வனாமி இறாலுக்கு இசைவளித்தபோது, குறித்த நோய்கள் அற்ற தாய் இறாலையே கொணர வேண்டும் என்றும், அவை சென்னை நீலாங்கரையிலுள்ள தடைகாப்பு நிலையத்தில் தங்கிச் சோதிக்கப்பட்ட பின்னரே பொரிப்பகம் செல்ல வேண்டும் என்றும் விதித்தனர். வாயிலிலேயே காவல் வைத்தமையால் வீடு பிழைத்தது. திலாப்பியாக் குஞ்சுக்கும் சோதித்த சான்றைக் கேட்டுப் பெறும் வழக்கம் நம் உழவரிடையே வேரூன்ற வேண்டும்.

மூன்றாவது நீர். கெண்டைகளைக் கூட்டாக வளர்க்கும் குளத்தில் ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சுகள் வரை விடுவது முறை. பேராசையால் அதனைப் பன்மடங்காக்கினால் கழிவு மிகும், உயிர்வளி குன்றும், மீன் நெருக்கத்தால் நலியும். நலிந்த மீனின் குருதியில் எதிர்ப்பாற்றலை அடக்கும் சுரப்பு மிகும் என்பது உடல்நூலார் துணிபு. அந்நிலையில் எத்தூளும் அதனைத் தூக்கி நிறுத்தாது.

ஈண்டு ஒருவர் வினவலாம்: “ஒரு குப்பியின் விலை சில நூறு ரூபாயே. பயன் இல்லாவிடினும் கேடு யாது? நம்பிக்கையோடு வாங்கட்டுமே!” இவ்வினா இரக்கத்தோடு எழுவது, ஆயினும் ஏற்கத்தக்கதன்று. சில நூறு ரூபாய் சிறு குட்டையின் இலாபத்தில் சிறு பங்கன்று. அதனினும் பெரிய கேடு காலக்கேடு. குப்பியை நம்பி ஒரு வாரம் காத்திருப்பவன் அவ்வாரத்தில் மீன்வளத் துறைக்குச் செய்தி அனுப்பான். இறந்த மீனைப் புதையான். நோயுற்ற குட்டையின் நீரை வாய்க்காலில் திறந்துவிடுவான். நம் நீர்நிலைகள் ஒன்றோடொன்று கைகோத்தவை. புள்ளம்பாடி வாய்க்காலின் நீர் கரைவெட்டிக்கும் சுக்கிரன் ஏரிக்கும் செல்கின்றது. மேலேரியின் கலிங்கு கீழேரியை நிரப்புகின்றது. 2024-ஆம் ஆண்டில் ராம்சார் தகுதி பெற்ற கரைவெட்டியில் பறவைகள் பல்லாயிரமாக வந்து தங்குவதும் அந்நீரிலுள்ள மீனை நம்பியே. ஆகவே ஒருவன் குட்டையில் மறைத்த நோய் ஊரார் அனைவர்க்கும் உரியதாகிவிடும்.

மற்றொருவர் வினவலாம்: “ஊட்டப்பொருளே வேண்டா; தடுப்பூசியே வேண்டும்” என்று. தடுப்பூசியின் சிறப்பை யாம் மறுக்கவில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கொடுவா மீனைத் தாக்கும் நோடா வைரஸுக்கு உள்நாட்டிலேயே தடுப்பூசி ஒன்றை ஆக்கியிருப்பது தமிழ்நாட்டிற்குப் பெருமை. ஆனால் ஒரு வைரஸுக்குரிய ஊசி மற்றொரு வைரஸைத் தடுக்காது. விலைமிக்க கொடுவாவின் தாய் மீனுக்கு ஊசியிடலாம். பண்ணைக் குட்டையில் விடும் ஆயிரக்கணக்கான ஜிலேபிக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசியிடுவார் யார்? அத்தகைய தடுப்பு எளிய விலையில் குட்டைக்கு வரும் நாள்வரை, நல்ல தீவனமும் அளவான ஊட்டப்பொருளுமே ஏழை உழவன் கைக்கெட்டும் கருவிகள். இதனாலேயே அவற்றைப் பொய்யினின்று காத்தல் வேண்டும் என்கின்றோம். பொய்ச்சரக்கு மெய்ச்சரக்கின் பெயரையும் கெடுத்துவிடும்.

தமிழ் பயிலும் எமக்கு இவ்விடத்தில் வள்ளுவர் நினைவிற்கு வருகின்றார். திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்திற்கு மருந்து என்பது பெயர். ஆனால் அதன் பத்துக் குறள்களுள் எங்கேனும் ஒரு மூலிகையின் பெயரோ சூரணத்தின் பெயரோ உண்டா எனத் தேடுவார் ஏமாறுவர். அவர் மிகுதியும் பேசுவது உண்ணும் அளவையும் உண்ணும் காலத்தையும் பற்றியே. பின்னர் நோய் யாதெனவும், அதன் காரணம் யாதெனவும் தேர்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்கின்றார். இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளிக்கும், மருத்துவனுக்கும், மருந்துக்கும், அருகிருந்து பேணுவோனுக்கும் ஒத்த இடம் தருகின்றார். மீன் குட்டையிலும் இந்நான்கும் உள. நோயாளி மீன், பேணுவோன் உழவன், மருத்துவனோ மீன்வளத் துறையும் ஆய்வுக்கூடமும். குப்பி விற்பவன் இந்நான்கினுள் மூன்றை மறைத்து, ஒன்றனை மட்டும் நான்கின் விலைக்கு விற்கின்றான்.

ஆகவே யாம் வேண்டுவன சில. முதலாவது, ஊட்டப்பொருளின் உறையில் அதனுள் இருப்பது யாது, எவ்வளவு, ஒரு கிலோ தீவனத்திற்கு எத்துணை, எத்தனை நாட்கள், எந்நாள்வரை கெடாது என்பன தமிழில் அச்சிடப்பெறுதல் வேண்டும். வைரஸை அழிக்கும், நோயைத் தீர்க்கும் என்னும் சொற்களைச் சான்றின்றி அச்சிடுதல் தடுக்கப்பெறுதல் வேண்டும். இரண்டாவது, கடலோரப் பண்ணைகளுக்குரிய இடுபொருள்கள் தடை செய்யப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகள் அற்றவை என்று சான்று பெறும் முறை கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின்கீழ் உண்டு. அத்தகைய காவல் உள்நாட்டுக் குட்டைகளுக்கும் உறுதியாக நீளுதல் வேண்டும். மூன்றாவது, மீன் நோயைத் தெரிவிப்பதற்கென 2023-ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட கைபேசிச் செயலியை ஊர்தோறும் உழவர்க்குக் கற்பித்தல் வேண்டும். ஐயுற்ற மீனை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும் செலவு ஏழைக்குத் தடையாகாதவாறு ஊராட்சிகள் உதவுதல் நன்று.

இவற்றையெல்லாம் அரசின்மேல் சுமத்திவிட்டு யாம் அகல விரும்பவில்லை. கல்லூரிகளும் செய்யத்தக்கது உண்டு. மேல்விஷாரத்திலுள்ள அப்துல் ஹக்கீம் கல்லூரியின் ஆய்வுக்கூடம், நன்னீர் இறாலைத் தாக்கும் வெண்வால் வைரஸ் நோய்க்கு உலக விலங்கு நல அமைப்பின் மேற்கோள் ஆய்வகமாக ஏற்கப்பெற்றது. அஃது ஒரு மாநகரத்துப் பெருநிலையமன்று. நம்மைப் போன்ற கலை அறிவியல் கல்லூரியே. அவ்வளவு உயர இயலாவிடினும், ஒரு சிறு சோதனையை நம் விலங்கியல் மாணவர் செய்யலாகாதோ? ஒரே குட்டையில் சில வலைக்கூண்டுகளைக் கட்டி, ஒரே பொரிப்பகத்துக் குஞ்சுகளை எண்ணி விட்டு, பாதிக் கூண்டுகளுக்கு ஊட்டப்பொருள் கலந்த தீவனமும் மற்றப் பாதிக்கு வெறுந்தீவனமும் இட்டு, எடையையும் இறப்பையும் செலவையும் வாரந்தோறும் குறித்து வந்தால், ஒரு பருவத்திற்குள் உழவர்க்குக் கணக்கோடு கூடிய விடை கிடைக்கும். அவ்விடையைத் தெளிந்த தமிழில் எழுதித் தருதல் தமிழ் பயில்வோராகிய எம் பங்கு.

நண்பர்காள்! அறிவியல் ஒரு மொழியிலும் வறுமை மற்றொரு மொழியிலும் பேசுமாயின், இடையிலே விளம்பரம் மொழிபெயர்ப்பாளனாக வந்து நிற்கும். அவன் தன் கூலியைத் தானே எடுத்துக்கொள்வான். பெரம்பலூர், அரியலூர் உழவர்க்கு வேண்டுவது புதியதொரு குப்பி அன்று. எந்தக் குப்பியை எப்பொழுது வாங்கலாம், எதனைத் தொடாது விடலாம் என்னும் தெளிவே. உலர்ந்த தீவனம், சோதித்த குஞ்சு, அளவான நெருக்கம் ஆகிய மூன்றும் அமைந்த குட்டையில், உரிய காலத்தில் இடும் ஊட்டப்பொருள் மீனுக்கு நான்காவது மதிலாக நிற்கும். முன் மூன்றும் இல்லாத இடத்தில் அது வெறுங்காற்றில் எழுப்பிய சுவர். இவ்வோர் உண்மை ஏரிக்கரைகளில் எட்டுமாயின், நாம் கற்ற கல்வியின் கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீர்ந்ததாகும்.